மேல் போல்ட்டு, கீழ் போல்ட்டு

ஜீப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டியரிங்கில் யோபு. பக்கத்தில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி டாக்டர் வேலம்மாள். பின்பலகையில் வழிகாட்டி ஈச்சன் காணி. அவர் காலடியில் கிடந்த வெற்று ஸ்டிரெச்சர், மலை அளக்கப் போய் ஐந்து நாளாகத் திரும்பாத சர்வேயர் சங்கரநயினாருக்கு. கால் முறிந்து குகைக்குள் கிடந்த அவரை முந்தின நாள் பார்த்துவிட்டு வந்தவர் ஈச்சன்தான்.

கதவளவு தண்ணீர் ஓடிய காட்டாற்றைக் கடந்து இரண்டு மைல் போனதும் பின் அச்சு முனகியது. யோபு அடியில் புகுந்தான். அச்சின் நடுவே உருண்டிருந்த டிஃபரன்ஷியல் கூட்டின் கீழ் போல்ட்டைத் தளர்த்தினான். பால் ஊற்றிய காப்பி போல எண்ணெய் கசிந்தது. உள்ளே ஆற்றுத் தண்ணீர் புகுந்திருந்தது.

எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் பல்சக்கரம் தேய்ந்து வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும் என்றான். அப்போது மணி ஒன்பது. குகைக்கு இரண்டு மணி நேர நடை, ஆளைச் சுமந்து திரும்ப அதைப்போல இரண்டு மடங்கு என்றார் ஈச்சன். டாக்டர் யோசிக்கவில்லை.

"நாங்க நடந்து போயித் தூக்கிட்டு வாரோம். நாலு மணிக்கு வண்டி கிளம்பணும், யோபு. இன்னைக்கு ஆஸ்பத்திரி சேரலேன்னா அந்தக் காலை எடுக்க வேண்டியதுதான்."

ஈச்சன் ஸ்டிரெச்சரைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனை வந்தா ஹாரன் அடிக்காதேயும் வே. உம்ம பாட்டை அது ரசிக்காது."

அவர்கள் மறைந்ததும் யோபு கீழ் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை முழுக்க வடித்தான். பிறகு, வண்டியில் டப்பாவில் இருந்த புது எண்ணெயை ஊற்றுவதற்காக, ஊற்றும் துளையை மூடியிருந்த மேல் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டான். அசையவில்லை. சுத்தியலால் தட்டினான், ஸ்பானர் வழுக்கி போல்ட்டின் தலை மழுங்கியது. மேலே திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே வடிக்க வேண்டும். பட்டறையில் முதல் வாரம் கற்ற பாடம், அவசரத்தில் மறந்துபோனது. இப்போது அச்சில் கெட்ட எண்ணெய்கூட இல்லை.

எழுந்து ஈச்சனை உரக்கக் கூப்பிட்டான். வெகுநேரம் மட்கார்டில் சாய்ந்து கிடந்தான். யானைகூட வரவில்லை.

தண்ணீர் மட்டும் எப்படி உள்ளே போனது? அந்தக் கேள்வி அவனை மறுபடி அடியில் தள்ளியது. அச்சின் மேல்பக்கம், காற்றுப் போகும் பிரீதர் குழாயில் விரிசல் இருந்தது. தண்ணீருக்குத் திறந்த வழி எண்ணெய்க்கும் திறக்காதா!

கீழ் போல்ட்டை இறுக்கினான். விரிசல் முனையை வெட்டிவிட்டு மிச்சக் குழாயை மறுபடி அச்சில் மாட்டினான். அடி அறுத்த பாட்டிலை அதன் மறுமுனையில் செருகி, சீட்டுக் கம்பியில் உயரக் கட்டினான். கெட்டி எண்ணெய் இறங்க மறுத்தது. சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, டப்பாவில் சூடாக்கி ஊற்றினான். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒன்றரை லிட்டர். ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், பேச யாருமில்லை.

நாலடிக்கச் சற்று முன்பு ஸ்டிரெச்சர் வந்தது. அச்சு முனகவில்லை. குழாய் முனையை உயரக் கட்டியபடியே ஆற்றைக் கடந்தார்கள். பொழுது சாயுமுன் ஆஸ்பத்திரி. கால் பிழைத்தது!

எல்லோரும் சர்வேயரைச் சூழ்ந்து நின்றார்கள். வாசலில் ஜீப்பருகே உட்கார்ந்து யோபு, வண்டியை இரவல் தந்த எஸ்டேட் மேனேஜருக்கு எழுதினான்:

"ஐயா, மேல் போல்ட்டு மழுங்கியது என் தவறு. அதைத் திறந்து பார்க்காமல் கீழே வடித்துவிட்டேன். அடுத்து ஓட்டுகிறவரிடம் சொல்லவும். ஏழு மணி நேரம் தனியாக இருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது."

கடைசி இரண்டு வரிகளை அடிக்கப் பேனாவை வைத்தான், அடிக்கவில்லை. உறையை ஒட்டி, எஸ்டேட் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான்.