சிறுநீரகத்தைச் சுற்றிய நீர்

1987 ஆடியில், சாரல் விடாமல் பெய்த ஒரு பிற்பகல், இலத்தூரிலிருந்து தளவாயை அவர் மனைவி குழல்வாய்மொழி என் ஸ்கேன் அறைக்குக் கூட்டி வந்தாள். தென்காசியில் அப்போதுதான் அந்த இயந்திரத்தை வாங்கிப் போட்டிருந்தேன். மூன்று மாதம் முன்பு மெட்ராஸில் தளவாய்க்கு அவர் தம்பி பலவேசத்தின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தார்கள். இப்போது அடிவயிற்றின் வலப்பக்கம் வீங்கியிருந்தது.

விளக்கை அணைத்தேன். திரையில் அந்தச் சிறுநீரகம் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பாக நீர். மாற்று அறுவைக்குப் பிறகு சிலருக்கு அப்படிச் சேரும். ஊசியால் எடுத்துவிடலாம் என்று தைரியம் சொன்னேன்.

ஊசியில் ஏறிய நீர் சில்லென்றிருந்தது.

உடம்பிலிருந்து வருவது வெதுவெதுப்பாகத்தானே இருக்க வேண்டும்? என் விரல்கள் மரத்துப்போயின. ஈரப்பாறையும் அழுகிய இலையும் கலந்த வாடை. சிரிஞ்சின் அடியில் மணல்.

"பலவேசம் குளிருதுன்னு சொல்லுதான்," என்றார் தளவாய், கண்ணைத் திறக்காமல்.

குழல்வாய்மொழி என்னை வெளியே இழுத்துப் போனாள்.

"டாக்டரம்மா, கொழுந்தன் போயி பத்து நாளாச்சு. குத்தாலத்துல வெள்ளம் இழுத்துட்டுப் போயிட்டு. உடம்பு கெடைக்கல. இவுகளுக்கு இன்னும் சொல்லல."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். எடுத்ததைவிட அதிகமாக நீர் சேர்ந்து சிறுநீரகத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. மெட்ராஸ் போய்ச் சேரும்வரை தாங்குவாரா என்று எனக்கே பயம். எதையும் மறைக்க வேண்டாம் என்று குழல்வாய்மொழியிடம் சொன்னேன். அவள் விம்மியபடியே சொல்லி முடித்தாள்.

தளவாய் அழவில்லை.

"தெரியும்ட்டி. சித்தாத்துப் பாலத்துக்குக் கீழ, ரெண்டு பாறைக்கு நடுவுல கெடக்கான். எடுங்க."

அங்கேயேதான் இருந்தான். அன்று மாலையே தகனம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் ஸ்கேனில் ஒரு சொட்டு நீர் இல்லை. வீக்கம் வடிந்து, சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. குழல்வாய்மொழி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் மூச்சு வந்தது.

இயந்திரத்தை நிறுத்தப் போனேன். திரையில் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் தளவாயின் மணிக்கட்டில் விரல் வைத்தேன்.

நாடி நிதானமாக அடித்தது.

திரையில் துடிப்பு, மூச்சிரைக்க ஓடுகிறவனுடையதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.