வெள்ளக்கடைக் கறுப்புத் திரை

ஏற்காட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சந்திரசேகரைத் தேடி சுஜாதா வந்தபோது அவள் முகம் தூக்கம் கெட்டுக் கிடந்தது. வெள்ளக்கடையில் காப்பிக்கொட்டை தரம் பிரிக்கும் ஷெட் அவளுடையது. அங்கே பில் போடும் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றாள். கீபோர்டில் தட்டினால் எழுத்து விழுவதில்லை. மவுஸை இழுத்தால் திரையில் திறந்திருக்கும் ஜன்னலே கூட வருகிறது. பிரிண்டுக்காக எஃப்-3 தட்டினால் திரை கறுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. பயந்துபோய் சுவிட்சை அணைத்தால் அதுவரை போட்ட பில் காணாமல் போகிறது. அதுவும் பனி மூடிய காலையில்தான். வெயில் ஏறினால் சரியாகிவிடுமாம்.

"எங்க கணக்கு எழுதற ரைட்டர் சின்னராஜ் வேலைதானுங்க. அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல வேலை செய்ய அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். காலைல ஷெட்டைத் திறக்கறதும் அவருதான். நேத்து எல்லாரு முன்னாலயும் துரோகின்னு சொல்லி அனுப்பிட்டேனுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னராஜ் அவள் அப்பா காலத்து ஆள்.

சந்திரசேகரின் உதவியாளர் கீர்த்திகாவுக்கு இது போதாதா? மறுநாள் காலை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சின்னராஜ் வீட்டிலிருந்தே ரகசியமாகக் கம்ப்யூட்டரை ஆட்டுவிக்கிறார் என்று வழியெல்லாம் நிரூபித்துக்கொண்டு வந்தாள். அவருடைய செம்மநத்தத்து வீட்டில் போன் சிக்னலே எடுக்காது என்று சந்திரசேகர் சொன்ன பிறகுதான் வாய் ஓய்ந்தது.

ஷெட்டுக்குள்ளும் பனி வந்திருந்தது. சந்திரசேகர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எடை மெஷினைப் பார்த்தார். அப்புறம் பிரிண்டர், அப்புறம் சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு எல்லாவற்றிலும் காய்ந்து ஒட்டியிருந்தது. தன் பையிலிருந்து வேறு கீபோர்டை எடுத்து மாட்டினார். எழுத்து ஒழுங்காக விழுந்தது, மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்டது, எஃப்-3 தட்டியதும் பில் அச்சாகி வந்தது.

"நேத்துத் திட்டினப்போ இருந்தவங்களைக் கூப்பிடுங்க" என்றார். கொட்டை பொறுக்கும் பெண்கள் வந்து நின்றார்கள். சுஜாதாவுக்கு அது பிடிக்கவில்லை.

பழைய கீபோர்டைக் கவிழ்த்து, விரித்த செய்தித்தாளின் மேல் தட்டினார். மஞ்சளாகத் துணுக்குகள் உதிர்ந்தன. கீர்த்திகா எடுத்து முகர்ந்தாள். சந்தனம்.

"எல்லா மெஷின்லயும் பொட்டு இருக்கு, கீபோர்டு மட்டும் பளிச்சுனு இருக்கு. அதுதான் எனக்கு இடிச்சுது. இதுல பொட்டு வைக்கலை, மூணு விரலால பட்டை போட்டிருக்காங்க. இடது ஓரத்துல, கன்ட்ரோல்லருந்து ஆல்ட் வரைக்கும். அப்புறம் ஈரத்துணியால துடைச்சதுல சந்தனம் கீழ இறங்கிடுச்சு. பனில ஊறினா கீ அமுங்கி ஒட்டிக்கும், வெயில்ல காஞ்சா விட்டுடும்."

"அப்போ மவுஸு?" என்றாள் கீர்த்திகா.

"மவுஸ் மேல தப்பே இல்லை. ஆல்ட் அமுங்கியிருந்தா ஜன்னல் கூடவே வரும். கன்ட்ரோலும் சேர்ந்து அமுங்கியிருக்கறப்போ எஃப்-3 தட்டினா கறுப்பு ஸ்கிரீன். அது லினக்ஸுல எப்பவும் இருக்கற இன்னொரு அறை. எஃப்-1 தட்டியிருந்தா பில்லு அப்படியே திரும்பி வந்திருக்கும். அழிச்சது சுவிட்சை அணைச்ச கைதானுங்க."

பட்டை போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. சுஜாதாவே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பட்டை போட்டதும் நான்தான், துடைச்சதும் நான்தானுங்க" என்றாள். அவமானத்தில் காது சுட்டது. மெஷின் கோளாறு என்று மட்டும் சின்னராஜிடம் சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லலாமுங்க. வேலை திரும்பக் கிடைச்சுடும். போன பேரு?" என்றார் சந்திரசேகர்.

அவள் பெண்களின் பக்கம் திரும்பி, சின்னராஜ் மேல் ஒரு குற்றமும் இல்லை, பழி போட்டது தன் தப்பு என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். பிறகு தானே வண்டியை எடுத்துக்கொண்டு செம்மநத்தம் போய் அவரை அழைத்து வந்தாள். வாசலிலேயே மன்னிப்பும் கேட்டாள். "பரவால்லீங்க சாமி" என்றார் அவர், அவளைச் சிறுவயதில் கூப்பிட்டதைப் போலவே. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் புதுக் கீபோர்டின் முன்னால் சின்னராஜ் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குங்க. இனி யாரும் பாக்காம இதைத் தொட மாட்டேனுங்க."

சுஜாதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.