பதினேழாம் எண் கைதி

கிண்ணம் நிறையத் தேநீரை ஊற்றி மருமகள் ஐஜமாலின் முன்னால் தள்ளினாள் சைராகுல். நரின் நகரத்தில் இதற்கு அகராதி வேண்டியதில்லை. பாதிக் கிண்ணம் ஊற்றினால் உட்கார். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு!

"அத்தை... நான் என்ன பண்ணினேன்?"

"என்ன பண்ணினியா!" ஐஜமாலின் பையில் இருந்த ஆய்வுக் காகிதக் கட்டு மேசையில் வந்து விழுந்தது. "சமூகவியல், குற்றவியல்னு பல்கலைக்கழகத்துக்குப் போனது எதுக்கு? என் வீட்டு மானத்தை விக்கவா? பதினேழாம் எண் கைதி... குடிகாரப் புருஷனைக் கறிக்கத்தியால குத்திக் கொன்னவ... பேரு போடலேன்னா எனக்குத் தெரியாதா? அது என் மக ஜீபெக்!"

ஊரைப் பொறுத்தவரை ஜீபெக் மாஸ்கோவில் தையல் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக அந்தப் பொய்யைச் சோறூட்டி வளர்த்தவள் சைராகுல்தான்.

"நாத்தனார் கண்ணீரை வித்து மார்க் வாங்குறா, பாருடா!" என்று மகனிடம் பொருமினாள். தாலந்த் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் யாராவது ஒருத்தி பக்கம் சேர வேண்டியிருக்குமே!

ஐஜமால் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"மார்க்கா? சிறையில அவளைப் பேட்டி எடுத்தது நிஜம். ஆனா, 'எங்கம்மா தலைகுனிஞ்சிடுவாங்க'ன்னு அவ அழுதா. அதனால ஆய்வைத் திரும்ப வாங்கிட்டேன். ஒரு வருஷப் படிப்பு போச்சு... போகட்டும்! அவ சம்மதத்தோட எல்லாத்தையும் வக்கீல்கிட்ட குடுத்தேன். இன்னைக்குப் பத்து மணிக்கு மறுவிசாரணை. ஒன்பது வருஷம் அடி வாங்கினதுக்குச் சாட்சி இல்லாமத்தானே பன்னிரண்டு வருஷம் போட்டாங்க!"

"இப்ப மட்டும் சாட்சி எங்கேருந்து வரும்?"

"நீங்க இருக்கீங்க அத்தை. இத்தனை நாளா கேக்கப் பயந்தேன்."

"வாயை மூடுடி!"

சைராகுல் அடிக்க ஓங்கிய கை, பாதியிலேயே திரும்பி அவளுடைய வாயையே பொத்தியது. அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

"மூணு தடவை ஓடி வந்தா... மூணு தடவையும் நான்தான் வண்டி ஏத்தித் திருப்பி அனுப்பினேன். முதுகைத் திறந்து காட்டினா... ஊரு பார்க்கும்னு சட்டையை இழுத்து மூடினேன்டி! பெத்தவளா நான்?"

தாலந்தின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. ஐஜமால் மாமியாரின் கம்பளிக் கோட்டை எடுத்து வந்தாள்.

"கோர்ட்டுல... இதையும் சொல்லணுமா?"

"இதைத்தான் அத்தை சொல்லணும்."

சைராகுல் மருமகளின் கையை இறுகப் பற்றினாள்.

"என் பக்கத்துலயே நில்லுடி. அவ முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது..."