தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மேளம் கொட்டாமலே திரை விலகிவிட்டது.

பாஞ்சாலைக்கு அது சரியாகப் படவில்லை. நேற்றும் முந்தாநாளும் இதே கொல்லையில் பொம்மலாட்டம் பார்த்தவள் அவள். ஆட்டக்காரர் துரைக்கண்ணு முதலில் மேளத்தைத் தட்டுவார், நெல்லிவாசல்நாட்டு மலைக்கிராமத்துப் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடிவந்து உட்காரும், அப்புறம்தான் திரை. இன்றைக்கோ பொழுது முழுசாக இறங்குவதற்குள், பெட்ரோமாக்ஸ் விளக்கைக்கூட ஏற்றாமல், கறுப்புத் துணிக்கு முன்னால் கோமாளிப் பொம்மை வந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. புளியந்தோப்புப் பக்கமிருந்து வந்த காற்றில் புதிதாய்த் தோண்டிய மண்ணின் ஈர வாசனை அடித்தது. மாசி மாசம், மலையே காய்ந்து கிடந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு? கோமாளி குட்டிக்கரணம் போட்டது, தன் தொப்பியைத் தானே மிதித்து விழுந்தது, விழுந்ததற்குத் தொப்பியை அறைந்தது. முன்வரிசையில் குப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்க்கப் பாஞ்சாலைக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஆனால் முகத்தில் காட்டவில்லை. காட்டக் கூடாது.

முதல் இரண்டும் அவளுக்குத் தங்கவில்லை. ஒன்று தவழும்போது போயிற்று, ஒன்று நடை பழகும்போது. இரண்டையும் புளியந்தோப்புக்கு அப்பால்தான் புதைத்தார்கள். மூன்றாவது பிறந்ததும் வழக்கப்படி குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அநாதையை எடுப்பதுபோல் எடுத்து வந்தாள். பாஞ்சாலை ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டு, குப்பம்மாள் என்று பெயர் வைத்தாள். யாருக்கும் வேண்டாத பிள்ளையை எமன் எதற்குத் தேடிவரப் போகிறான்? அன்றிலிருந்து ‘என் பிள்ளை’ என்று அவள் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “தவிட்டுக்கு வாங்கினதுங்க” என்பாள். பிள்ளை தூங்கிய பிறகு உச்சந்தலையில் முத்தம் கொடுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்து வைத்தது.

கோமாளி குப்புவுக்கு எதிரே வந்து நின்றது.

“ஏ பொண்ணு, உம்பேரு இன்னா?”

“குப்பு!”

“குப்பையா? அய்ய, நாத்தம்!” மூக்கைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் உருண்டு சிரித்தன. “யாரு வூட்டுப் பொண்ணு நீ?”

“தவிட்டுக்கு வாங்கினாங்க.”

“அப்ப ஒன்ன யாரும் பெக்கலியா? ஒனக்கு அம்மாவே இல்லியா?”

குப்புவின் சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. பிள்ளை அழப்போகிற முகத்தைப் பார்த்ததும் பாஞ்சாலைக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

“எவன்டா சொன்னது? நாந்தான் பெத்தேன்! அது எம்புள்ள!”

தவளைதான் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெடுத்தது பிள்ளையை.

கோமாளி மெதுவாகத் தலையைத் தூக்கி, பிள்ளைகளைத் தாண்டி அவளைப் பார்த்தது.

“அப்பிடியா” என்றது.

“இன்னாம்மா ஆச்சி? ஏன் கத்தறீங்க?”

பின்னாலிருந்து வந்த குரல். திரும்பினாள். துரைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மேளம், வாயில் வெற்றிலை.

“இப்பதாங்க சாப்ட்டு வர்றேன்” என்றவர் திரைப் பக்கம் பார்த்தார். மெல்வதை நிறுத்தினார். “பொம்மைப் பொட்டிய நான் இன்னும் தொறக்கவே இல்லியே...”

பெட்டி மரத்தடியில் இருந்தது. கட்டின கயிறு கட்டினபடி.

திரைக்குப் பக்கவாட்டிலிருந்து இன்னும் இரண்டு பொம்மைகள் வந்தன. சின்னவை. ஒன்று தவழ்ந்தது. ஒன்று தத்தித் தத்தி நடந்தது. உடம்பெல்லாம் ஈர மண். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அந்த முடிச்சு அவள் போட்டது.

குப்பு எழுந்தாள். அவற்றை நோக்கி நடந்தாள்.

பாஞ்சாலைக்குக் கால் எழவில்லை. கை எழவில்லை. துரைக்கண்ணுவும் அசையவில்லை. அவளுக்கு வாய் மட்டும் மிச்சம் இருந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் போதும். அழித்துவிடலாம்.

“இல்ல! எம்புள்ள இல்ல! குப்பையில கெடந்தது! எனக்கு வாணாம்! யாருக்கும் வாணாம் அது!”

குப்பு நின்றாள்.

திரும்பினாள். தூக்கம் கலைந்தவள்போல அம்மாவைப் பார்த்தாள். அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு, கேட்டது புரிந்து, அந்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“வாணாமாம்” என்று கோமாளி பிள்ளைகளிடம் சொன்னது.

பிள்ளைகள் கை தட்டின.

குப்பு தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினாள். மண் கைகள் பிடித்துக்கொண்டன. பாஞ்சாலை கத்தினாள். சத்தம் வரவில்லை. திரை விழுந்தது.

திரையின் அடியில் கால்கள் தெரிந்தன. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சின்ன ஜோடி, மண்ணில் ஊன்றி. நடுவில் குப்புவின் கால்கள். அவை தரையைத் தொடவில்லை. மெல்ல ஆடிக்கொண்டிருந்தன, கைதட்டலுக்கு ஏற்றபடி.