ட்ரியெஸ்தேவுக்கு மூன்று அம்புகள்

இரும்பு ஏணியின் முதல் படியில் கால் வைத்ததுமே நாச்சியார் குனிந்து பார்த்தாள். கீழே ஒரே இருட்டு. தலைக்கவசத்து விளக்கு பத்துப் படி வரைக்கும்தான் காட்டியது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல பிள்ளே. மீட்புக்காரங்க முக்கா மணி நேரத்துல வந்திருவாங்க. மழை பெஞ்சா குகைக்குள்ள எறங்கப்பிடாதுன்னு எங்க குகைச் சங்கத்துல மொதல்ல சொல்லிக் கொடுக்கதே அதைத்தான்" என்றார் மேலே நின்ற இருதயராஜ்.

"முக்கா மணி நேரத்துல தண்ணி எங்க நிக்கும் அண்ணாச்சி?"

அவர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினார்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ட்ரியெஸ்தே என்றொரு துறைமுக நகரம். அதன் தலைக்கு மேலே சுண்ணாம்புக்கல் மேடு. மேட்டுக்கு அடியில், எல்லைக்கு அப்பால் பூமிக்குள் நுழைந்த ஆறு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. கோவில்பட்டி நாச்சியாரும் நாகர்கோவில் இருதயராஜும் அந்த நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் இயற்பியல் பார்க்கிறவர்கள். இருதயராஜுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் குகை. நாச்சியாருக்கோ லிஃப்டில் விளக்கு அணைந்தாலே உயிர் போய்விடும். அப்படிப்பட்டவள் பாதாளத்தில் இறங்குகிறாள் என்றால் காரணம் ஒன்றுதான். அவள் கணவன் கதிரேசன் காலையில் தனியாக உள்ளே போனவன், பன்னிரண்டுக்கு வருகிறேன் என்றவன், இரண்டு மணியாகியும் வரவில்லை. எல்லை மலைகளிலோ பத்து மணியிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கதிரேசனுக்கு ஊர்ப்பெயர்ப் பைத்தியம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் அதே பேச்சுத்தான். ரோமர் இந்த ஊரை டெர்கெஸ்தே என்றார்களாம். அதற்கும் முந்தைய பாஷையில் அது சந்தை என்ற சொல்லிலிருந்து வந்ததாம். இத்தாலிக்காரனுக்கு ட்ரியெஸ்தே, ஜெர்மன்காரனுக்கு ட்ரீஸ்ட், மேட்டில் குடியிருக்கும் ஸ்லொவேனியருக்கு ட்ர்ஸ்ட், செக் நாட்டுக்காரனுக்கு டெர்ஸ்ட். "பேர் எதுவா இருந்தா என்ன, வாடகை ஒண்ணுதானே" என்று நாச்சியார் எழுந்து போய்விடுவாள். அந்தப் பெயர்களைப் பழைய குகை ஒன்றின் சுவரில் யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எவனோ சொல்ல, மனிதர் கேமராவோடு கிளம்பிவிட்டார்.

ஏணி முடிந்த இடத்தில் குனிந்து தவழும் பாதை. முழங்கால் வரை சேறு. தவழும்போது நாச்சியார் முருகா முருகா என்று முனகினாள். முருகனுக்கு இத்தாலியில் வழி தெரியுமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. பாதை ஒரு பெரிய கூடத்தில் திறந்தது.

கூடத்தின் சுவரில் மூன்று அம்புகள். அவர்கள் வந்த பாதையையே காட்டும் சிவப்பு அம்பின் மேல் ட்ரியெஸ்தே என்றிருந்தது. கீழே சரியும் அகலமான சுரங்கத்தைக் காட்டும் அம்பு அழகாகச் செதுக்கப்பட்டு, ட்ரீஸ்ட் என்று ஜெர்மனில் பேர் தாங்கியிருந்தது. மூன்றாவது, விளக்குப் புகையால் கிறுக்கிய நாலே எழுத்து. நடுவில் உயிரெழுத்தே இல்லாத ட்ர்ஸ்ட். அது தலைக்கு மேலிருந்த ஒரு வெடிப்பைக் காட்டியது.

"என்னங்க!" என்று கத்தினாள் நாச்சியார்.

சரிவான சுரங்கத்திலிருந்து மெல்லிய பதில் வந்தது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

நூறடி கீழே, கணுக்கால் பூசணியாக வீங்கி, ஒரு பாறையில் ஒண்டியிருந்தான் கதிரேசன். அவன் காலடியில் கறுப்பாக ஆறு சுழன்றது. கேமராவைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

"நாச்சி, நீ எதுக்கு வந்த?" என்று கேட்டவனுக்குப் பல் தந்தியடித்தது.

"வாயை மூடிட்டுத் தோளைப் பிடிங்க" என்றாள். அறைந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கட்டிப்பிடித்து அழுதுவிடுவோமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டு பேருமாக அவனைக் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். இருதயராஜ் முன்னால் போய்த் தவழும் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது மூடியாச்சு. பள்ளமான எடத்துல கூரை வரைக்கும் தண்ணி நிக்கி."

அவர்கள் ஏறி வந்த சுரங்கத்திலும் சலசலப்பு நெருங்கியது. சற்று நேரத்தில் தரையில் ஈரம் பரவி, நாச்சியாரின் காலணிக்குள் சில்லென்று நுழைந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கேயே நின்றால் சாவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ட்ரீஸ்ட் வழியாப் போவோம்" என்றான் கதிரேசன். "ஆஸ்திரியா ஆட்சியில பொறியாளருங்க அளந்து செதுக்கினது. நான் அதை நம்பித்தான் போனேன். கீழ சுழல்ற தண்ணியைத் தாண்டினா ஊருக்குப் போற சுரங்கம் இருக்கும். அந்தக் கரிக்கிறுக்கலை யார் எழுதினாங்கன்னே தெரியாது. ஆதாரம் இல்ல."

நாச்சியார் மூன்று அம்புகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. யோசி, யோசி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அந்தப் பொறியாளருங்க குகைக்குள்ள எதுக்கு வந்தாங்க?"

"ஊருக்குக் குடிதண்ணி தேடி. கீழ ஓடற ஆத்தைப் பிடிக்க."

"அப்ப அவங்க அம்பு யாருக்கு வழி காட்டுது? மனுசனுக்கா, தண்ணிக்கா?"

கதிரேசன் அந்தச் செதுக்கிய அம்பை நிமிர்ந்து பார்த்தான்.

"தண்ணி எந்தப் பக்கம் ஊருக்குப் போகுதுன்னு எழுதியிருக்காங்க. அதுல போனா நாமளும் தண்ணியோட தண்ணியாத்தான் ஊர் போய்ச் சேருவோம். ட்ர்ஸ்ட்னு பேசறவங்க யாரு?"

"மேட்டுல இருக்கிற கிராமத்து ஆளுங்க. தோண்டறதுக்குக் கூலிக்கு வந்திருப்பாங்க."

"அவங்க எதுக்கு அந்த ஊருக்குப் போவாங்க?"

"பாலு, காய்கறி விக்க. சந்தைக்கு." சொல்லும்போதே அவன் குரல் மாறியது.

"வேலை முடிஞ்சதும் வெளிய போகத் துடிச்சவன் எழுதினது அது. சிவப்பு அம்பும் ஏணியும் இத்தாலிக்காரங்க பின்னால வச்சதா இருக்கும். அதுக்கு முன்னால அவங்க ஏறிப்போன வழி வேற. அண்ணாச்சி, அந்த வெடிப்புக்குள்ள வெளிச்சத்தைக் காட்டுங்க."

இருதயராஜ் காட்டினார். உள்ளே, ஆள் பாதம் பதியும் அளவுக்குக் கல்லில் வெட்டிய குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

"படி வெட்டியிருக்கான் மகராசன்" என்றார் அவர்.

அவர் முதலில் ஏறிக் கயிற்றை இறக்கினார். கதிரேசனின் இடுப்பில் கட்டி மேலே இழுக்க, கீழிருந்து நாச்சியார் தோள்கொடுத்துத் தள்ளினாள். தண்ணீர் அவள் தொடையைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, மார்பு வரை வந்தது. கூடத்தில் எங்கோ ஒரு பாறை இடிந்து விழ, எழும்பிய அலையில் அவள் விளக்கு அடிபட்டு அணைந்தது. அந்த இருட்டில், லிஃப்டுக்குப் பயந்த நாச்சியார், கதிரேசனின் நல்ல காலைப் பற்றிக்கொண்டு தடவித் தடவிக் குழி தேடி ஏறினாள். ஒரு குழி. அடுத்த குழி. எவனோ வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வெட்டியது. அவனுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டாள்.

நடுவழியில் இருதயராஜின் தொப்பை வெடிப்பில் சிக்கியது. மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். கீழே தண்ணீர் மட்டும் நிற்காமல் ஏறியது.

"மூச்சை முழுசா வெளிய விடுங்க அண்ணாச்சி" என்றாள் நாச்சியார், அழுகையை அடக்கிக்கொண்டு.

அவர் விட்டார். சட்டை கிழிந்தது. தோலும் கிழிந்தது. ஆள் மேலே போய்விட்டார். அவர் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு வானம் தெரிந்தது.

முட்புதருக்கு நடுவே வெளியே வந்து விழுந்தபோது மழை விட்டிருந்தது. தூரத்தில் கடலும் அதன் கரையில் அந்தப் பல பேருள்ள நகரமும் கிடந்தன. ஏணிப் பக்கம் நின்ற மீட்புப் படையினர் கூச்சல் கேட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் உயரமான ஒரு பெண் இத்தாலிய மொழியில் மூன்று பேரையும் திட்டினாள். பிறகு அந்தப் புதர்க் குழியை எட்டிப் பார்த்து, மேட்டுக் கிராமத்து ஸ்லொவேனியப் பேச்சில் ஏதோ சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள். நாச்சியார் அப்போதுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கதிரேசன் அவள் கையைப் பிடித்தபடி இருந்தான்.

மூன்று மாதம் கழித்து அவன் அந்தப் பெயர்களைப் பற்றிய கட்டுரையை முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தான். ஒரு நகரத்தின் பெயர் எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்று கேட்டால் மட்டும் போதாது, அதைச் சொன்னவன் அந்த நகரத்திடம் என்ன தேடிப் போனான் என்றும் கேட்க வேண்டும் என்று தொடங்கியிருந்தான். நாச்சியார் மெச்சிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை வந்தாள். அங்கே அடிக்குறிப்பில், 'கள ஆய்வின்போது ஏற்பட்ட ஒரு சிறு தடங்கலால் படங்கள் இணைக்கப்படவில்லை' என்றிருந்தது.

அவள் பேனாவை எடுத்து, 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். தாள் கிழியும் அளவுக்கு அடித்தாள்.