அழித்த கை

ஒரே நெகட்டிவிலிருந்து போட்ட இரண்டு படங்கள். முதல் படத்தில் நிமிர்ந்திருந்த பிள்ளையின் முகவாய், இரண்டாவதில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

தாள் ஈரத்தில் சுருங்கியிருக்கும் என்று ருக்மணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காஜா பேராங் சாலை ஸ்டுடியோவின் இருட்டறையில் ஒன்பது வருஷமாகப் படம் திருத்துகிறவளுக்கு, தாள் அப்படிச் சுருங்காது என்று தெரியாதா என்ன?

வெளியே பட்டப்பகல். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வாரமாகியும் தோரணம் அவிழ்க்காத தெருவில் சைக்கிள் மணிகள் போய்க்கொண்டிருக்க, உள்ளே படம் கழுவும் ஹைப்போவின் புளித்த நெடியும், குழாய் சொட்டும் சத்தமும், சிவப்பு விளக்கில் சுவரில் ஆடிய அவளுடைய நிழலும்தான் இருந்தன.

படத்தில் இருந்தது அவள் மகள் சிவகாமசுந்தரி. ஆறு வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்து அழகு பார்த்தவள், பெற்ற பிள்ளையை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. தீபாவளிச் சட்டை தைத்ததும் எடுக்கலாம் என்றிருந்தாள். கடைசியில் பாடையில் வைக்குமுன் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம்தான் மிச்சம். தலை நிற்கவில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் ருக்மணியே குனிந்து நின்று, காதுக்குக் கீழே கையை நீட்டித் தாங்கிப் பிடித்தாள். அந்தக் கையும் படத்தில் விழுந்துவிட்டது.

"இந்தக் கைய எடுத்துரு புள்ள. பாக்குறவன் பொணம்னு கண்டுபுடிச்சிருவான்" என்றான் அவள் புருஷன் கருணாகரன். பதினாறாம் நாளுக்குள் நான்கு படம் வேண்டும். பத்திரிகைக்கு ஒன்று. கப்பலில் நாகப்பட்டினம் சொந்தங்களுக்கு மூன்று.

அசலில் கத்தி வைக்காதே, முதலில் நகல் நெகட்டிவ் எடு என்பது தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தது. ஆனால் நகலெடுக்க ஒரு நாள் ஆகும், தபால் இன்றைக்கு. ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுத்தான். அசலிலேயே தன் கையை விரல் விரலாகச் சுரண்டி எடுத்தாள். அந்த இடம் திரையோடு திரையாகக் கறுத்துப் போயிற்று.

மூன்றாவது தாளை மருந்துத் தட்டில் போட்டாள். நாற்காலி வந்தது. சட்டை வந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் வகிடு வந்தது. அவளே எண்ணெய் வைத்து எடுத்த வகிடு. தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் கண்ணு."

தாங்கிய கையை எடுத்துவிட்டேனே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நெகட்டிவை விளக்கில் பிடித்தாள். அதிலும் தலை சரிந்துகொண்டிருந்தது. சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியுமா? அந்த முகத்துக்கு உலகத்தில் வேறு நெகட்டிவ் இல்லை.

கதவு தட்டப்பட்டது. ஸ்டுடியோக்காரர் ஜெயபாலன்.

"அக்கா, முடிஞ்சுதா? நாலு மணிக்குப் போஸ்ட் ஆபீஸ் மூடிருவான் லா."

"ஒன்னு பாக்கி தம்பி. கதவத் தொறந்துறாதீங்க."

நான்காவது தாள். நாற்காலி தெரிந்தது. பிள்ளையின் தோள் அதிலிருந்து வெளியே சாய்ந்திருந்தது. விழப்போகிறாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

பெற்ற மனம் பித்து. யோசிக்கவில்லை. மருந்துக்குள் கையை விட்டாள். தாளுக்கு அடியில். காது இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே.

குழாய்ச் சொட்டு நின்றது.

தலை நிமிர்ந்தது. மெதுவாக. முகம் வந்தது. மூடிய இமை, சின்ன உதடு, எல்லாம்.

உள்ளங்கையில் பாரம். குளிர்ந்த பாரம். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் தாங்கிய அதே பாரம். விரலிடுக்கில் ஈர முடி.

பயத்தில் வாய்விட்டு அழுதாள். கையை உருவிக்கொள்ளலாம். உருவினால் பிள்ளை விழுந்துவிடும். உருவவில்லை.

"அக்கா? ஏன் அழுவுறீங்க? அக்கா!"

"தொறக்காதீங்க தம்பி... புள்ள விழுந்துரும்..."

கதவு திறந்தது. வெயில் உள்ளே கொட்டியது. வெளிச்சம் பட்டதும் தட்டிலிருந்த தாள் அவள் கண்ணெதிரே கறுத்தது. நெற்றி, இமை, உதடு. எல்லாம் கறுப்பு.

பாரம் மட்டும் இறங்கவில்லை. அது லேசாகத் திரும்பி, கன்னத்தை அவள் உள்ளங்கையில் வாகாக வைத்துக்கொண்டது.