மலைப்பாதையில் மூச்சுத் திணறிய சிவப்புக் கார்

போன் அடித்தது.

காலை பத்து மணி. மெக்கானிக் தன் ஷெட்டின் நடுவில் சிலை மாதிரி நின்றிருந்தான். நேற்று மாலை வரை அவன் எதிரில் ஒரு கார் இருந்தது. சிவப்பு நிறம். இரண்டே சீட். மெக்கானிக்கை விடப் பத்து வயது மூத்த பந்தயக் கார்.

இப்போது அந்த இடம் காலி. கதவில் பூட்டு இல்லை. ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியும் இல்லை.

காணாமல் போனது யாரோ ஒருவருடைய வண்டியாக இருந்தால் கூடப் பரவாயில்லை...

மாமனாருடையது!

ஆறு மாதமாக அந்தக் காருக்கு ஒரே வியாதி. சிங்கம் மாதிரி கிளம்பும். கால் மணி நேரம் ஓடியதும் திக்கும், திணறும், இழுவை போய் நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். பத்து நிமிஷம் விட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி உறுமும். மெக்கானிக் பிளக்கை மாற்றினான். காயிலை மாற்றினான். பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினான். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினான். வியாதி அசையவில்லை. ஒரு வண்டியைச் சரிபண்ணத் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டேனே என்று, போன வாரம் சாப்பாட்டு மேஜையில் இருபது பேருக்கு நடுவே மாமனார் சொல்லியே விட்டார்.

வண்டியை எடுக்க அவர் பதினோரு மணிக்கு வருகிறார்...

போன் விடுவதாக இல்லை. எடுத்தான்.

“மெக்கானிக் ஷெட்டுங்களா? கண்ணாடியில உங்க நம்பர் ஒட்டியிருக்கு. என் வண்டி நின்னு போச்சு.”

“என்ன வண்டி?”

“சிவப்பு கலர். ரெண்டு சீட்டு.”

அதேதான்!

மெக்கானிக் போனைப் பொத்திக்கொண்டு, மேஜையருகே இருந்த மனைவியிடம் ‘திருடன்’ என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவள் கெட்டிக்காரி. அடுத்த விநாடி தன் போனில் போலீஸ் ஸ்டேஷனைப் பிடித்துவிட்டாள்.

எங்கே நிற்கிறீர்கள் என்று மெக்கானிக் கேட்க, மலைப்பாதையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று திருடன் வெள்ளந்தியாகச் சொன்னான். மனைவி அதை அப்படியே இன்ஸ்பெக்டருக்கு ஒப்பித்தாள். ஜீப் கிளம்பிவிட்டதாம். பதினைந்து நிமிஷம் பேச்சுக் கொடுக்க வேண்டுமாம். முக்கியமாக, வண்டி நகரக் கூடாதாம்.

மெக்கானிக் தலையாட்டிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தான். பேச்சுக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

“எப்படி நின்னுச்சு?” என்றான்.

“பட்டுனு நிக்கல அண்ணே. முதல்ல திக்குச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இன்னும் மோசம். அப்புறம் பட்டினி கிடந்தவன் மாதிரி அப்படியே அடங்கிப் போச்சு.”

பட்டினி...

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆறு மாதத்தில் மாமனார் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ‘நிக்குது’ என்பதோடு சரி. கரண்ட் கோளாறு என்றால் பட்டென்று அல்லவா நின்றிருக்கும்?

பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வந்து தேங்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்க்கச் சொன்னான். கிண்ணம் காலி என்றது குரல். டேங்க்கில் பெட்ரோல்? பாதிக்கு மேல்.

மனைவி ஒரு காகிதத்தை அவன் முன்னால் நீட்டினாள். ‘பேட்டரி ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்க.’

மெக்கானிக் அதைப் படித்தான். ஓரமாக நகர்த்தி வைத்தான். அவன் முகத்தில் வேறு ஏதோ ஒன்று குடியேறியிருந்தது.

“டேங்க் மூடியை மெதுவாத் திறங்க. காதைக் கிட்ட வெச்சுக்குங்க.”

மூடி திருகும் சத்தம் கேட்டது...

“உஸ்ஸ்ஸ்னு சத்தம் வருது அண்ணே. காத்து உள்ளே போகுது.”

மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டான். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள விளக்கினான். பெட்ரோல் வெளியே போகப் போக, டேங்க்குக்குள் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அது அடைத்தால் டேங்க் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சொட்டுக் கூட இன்ஜினுக்கு விடாது. சும்மா நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே வந்துவிடுவதால்தான், பத்து நிமிஷத்தில் மறுபடி கிளம்புகிறது.

“ஓட்டை இருக்கு அண்ணே. மெழுகு அடைச்சிருக்கு. மூடிக்கு யாரோ பளபளன்னு பாலிஷ் போட்டு வெச்சிருக்காங்க.”

பாலிஷ்!

அந்தக் காருக்கு வாராவாரம் மெழுகு பாலிஷ் போடுகிற கை உலகத்தில் ஒன்றுதான். வேறு யாரையும் அவர் தொட விடுவதில்லை.

“உங்கப்பாதான்” என்றான் மனைவியிடம். கண் கலங்கியிருந்தது. “ஆறு மாசமா உங்கப்பாதான்.”

வண்டி நகரக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஞாபகப்படுத்தினாள். அவன் காதில் ஏறவில்லை.

“அந்த ஓட்டையைக் குத்தி விடுங்க. மெல்லிசா கம்பி ஏதாவது இருக்கா?”

திருடன் தயங்கினான். “பூட்டுத் திறக்கிற கம்பி ஒண்ணு இருக்கு...”

“அதுவே போதும். குத்துங்க.”

குத்தினான். சாவியைத் திருப்பினான். போன் வழியாக இன்ஜின் சத்தம் வந்தது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. மெக்கானிக் கண்ணை மூடிக் கேட்டான். கல்யாணத்தன்று கூட அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளி இருந்ததில்லை என்று மனைவிக்குத் தோன்றியது.

“மேட்டுல ஏத்திப் பாருங்க. இழுக்குதா?”

“பறக்குது அண்ணே. நல்லா இருப்பீங்க.”

லைன் துண்டானது.

 மனைவி தன் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள். ஜீப் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிட்டதாம். அங்கே தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருக்கிறதாம். இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மாமனார். அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, இன்னிக்காவது வண்டியைச் சரி பண்ணீங்களா?”

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினான்.

“சரி பண்ணிட்டேன் மாமா. இனிமே அது எங்கயுமே நிக்காது.”